பன்னிரண்டு வெள்ளை பேசின்கள்

வேளாண்மைக் கருத்தரங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு பை கொடுப்போம். அதில் ஒரு ஃபைல், ஒரு பேனா, சட்டைப்பையில் அடங்குகிற ஒரு சின்னக் குறிப்பேடு இருக்கும். அந்தக் குறிப்பேடு ஒன்றை, திருவாரூர் மாவட்டம் கோட்டூர் பக்கம் ஒரு வரப்பில் நின்றபடி, ஒரு பெரியவர் எனக்குப் பிரித்துக் காட்டினார். முதல் பக்கத்தில் தேதி. அதற்குக் கீழே ‘புகையான்’. அதற்கும் கீழே ‘சைபர்மெத்ரின்’. வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை.

“நீங்க சொன்ன மருந்தைத்தாம்மா அடிச்சேன். ரெண்டு தடவை அடிச்சாச்சு. அப்படியும் பாருங்க.”

பார்த்தேன். மார்கழி மாதம், கதிர் பால் பிடிக்கிற நேரம். பயிர் வட்டம் வட்டமாக, தீயில் வாட்டியது போலக் காய்ந்து கிடந்தது. குனிந்து தூரை, அதாவது பயிரின் கிளைத்தண்டுகளை விலக்கினால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சி பழுப்பாக அப்பிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில் நட்ட நாற்று கிளைத்து நிற்கிற கொத்தைத்தான் குத்து என்போம். நான்கைந்து குத்து பார்த்தேன். ஒரு சிலந்திகூடக் கண்ணில் படவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் புகையானைப் பற்றிப் பேசியது நான்தான். ஆனால் நான் சொன்னது இதற்கு நேர் எதிர். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கக் கூடாது, அவை சிலந்தியையும் மற்ற நல்ல பூச்சிகளையும் கொன்றுவிடும், அப்புறம் புகையான் முன்னைவிடப் பல மடங்கு பெருகும் என்று சொன்னேன். உதாரணத்துக்கு அந்த மருந்தின் பெயரையும் சொன்னேன். திரையில் சிவப்பு எழுத்தில் போட்டும் காட்டினேன். அவர் பெயரைக் குறித்துக்கொண்டார். ‘கூடாது’ என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

அவர் மேல் எனக்கு வருத்தம் வரவில்லை. அந்த வரப்பிலேயே உட்கார்ந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசித்தேன். பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி பதினொன்றேகாலுக்குத்தான் தொடங்கியது. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, பொன்னாடை, வரவேற்புரை, ஐந்து வாழ்த்துரை. என் முறை வரும்போது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. நாற்பது படங்களை ஐம்பது நிமிடத்தில் ஓட்டினேன். பின்னால் சாம்பார் தாளிக்கிற வாசனை. கேள்வி நேரம் ஐந்து நிமிடம். எந்தக் கூட்டத்திலும் முதலில் எழுந்திருக்கிற ஒருவர் எழுந்து, கேள்வி கேட்காமல் தன் அனுபவத்தைச் சொன்னார். கடைசி வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, “உங்களுக்கு ஏதாவது சந்தேகம்?” என்றேன். “நாங்க கடைமடைம்மா. வந்து சேர்ந்தா கேக்குறோம்” என்றார் ஒருவர். வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம்தான் கடைமடை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

முப்பத்தொரு வருஷம் வேளாண்மைத் துறையில் இருந்தவள் நான். எத்தனை கூட்டம் நடத்தியிருப்பேன் என்று கணக்கு இல்லை. எல்லாவற்றிலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து நிறைந்திருக்கும். யார் என்ன கற்றுக்கொண்டு போனார் என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பெரியவரின் நோட்டு மட்டும்தான் இருந்தது.

பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் நன்னூலிலிருந்து ஒரு விஷயம் சொல்லுவார். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இலக்கணம் எழுதத் தொடங்கும்போதே, முதலில் பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று எழுதி வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை ஒருவன் அப்படியே மனதில் வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். கூடப் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மற்றவருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லும்போதுதான் மிச்சமிருக்கிற இரண்டு காலும் வந்து சேரும். பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் என் கூட்டங்களில் முதல் காலுக்கே நேரம் போதாமல் ஓடிக்கொண்டிருந்தேன். மற்ற முக்கால் பங்குக்கு நிகழ்ச்சி நிரலில் இடமே கிடையாது. அது நடந்ததெல்லாம் கை கழுவுகிற இடத்தில். பந்தி முடிந்து குழாயடியில் நிற்கும்போதுதான், “ஏங்க, நீரை வடிச்சா புகையான் குறையும்னாங்களே, எத்தனை நாள் வடிக்கணும்?” என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்பார்.

இதையே அமெரிக்காவில் ஹாரிசன் ஓவன் என்பவர் கவனித்திருக்கிறார். பெரிய மாநாடு ஒன்றைப் பாடுபட்டு நடத்தி முடித்தபின், வந்தவர்களுக்கு அதில் மிகவும் பிடித்தது காபி இடைவேளைதான் என்று அவருக்குத் தெரிந்தது. சரி, மாநாட்டையே காபி இடைவேளை போல நடத்திப் பார்ப்போம் என்று 1985-இல் வட்டமாக நாற்காலி போட்டு, வந்தவர்களையே நிகழ்ச்சி நிரலை எழுத வைத்தார். ஒரு வட்டத்தில் உனக்குக் கற்கவோ கொடுக்கவோ ஒன்றும் இல்லையென்றால் எழுந்து அடுத்த வட்டத்துக்குப் போகலாம் என்பது அவருடைய விதி. எங்கள் ஊரில் அப்படி எழுந்து போவதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள், அதனால் அந்த விதியை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இடைவேளையில் நடப்பதை மண்டபத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு உண்மையில் வழி காட்டியது இந்தோனேசியா. அங்கேயும் பிரச்சினை இதே புகையான்தான். மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியதைப் பார்த்து, 1986-இல் அந்த நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது. தடை மட்டும் போதாது, உழவர்களுக்கு வயலைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்று 1989-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. ஏறக்குறைய இருபத்தைந்து பேர், ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு நாள். காலையில் வயலில் இறங்கிக் குத்துக் குத்தாகப் பார்ப்பது, கரையேறிப் பார்த்ததைப் பெரிய தாளில் வரைவது, வரைந்ததை வைத்து வாதாடி முடிவெடுப்பது. பயிற்சியாளர் பதில் சொல்ல மாட்டார், திருப்பிக் கேள்விதான் கேட்பார். நம் துறையிலும் அந்தப் பள்ளி வந்தது. நானே நடத்தியிருக்கிறேன். வயலில் நடத்தும்போது சரியாகச் செய்த நான், மண்டபத்துக்குள் நுழைந்து மைக்கைப் பிடித்ததும் ஏன் பழைய ஆளாக மாறினேன் என்பதுதான் எனக்கே புரியாத விஷயம். மேடை என்று ஒன்று இருந்தால் அதில் ஏறுகிறவர் பேசித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

அதனால் மேடையை எடுத்துவிட்டோம். ஓய்வு பெற்றபின் நானும் சில நண்பர்களும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாள் கருத்தரங்கு நடத்துகிறோம். நண்பர்களில் ஒருவர் தலைமையாசிரியராக இருந்தவர், இரண்டு பேர் நெல் விவசாயிகள். கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் உதவிக்கு வருவார்கள். அதே மன்னார்குடிதான், ஆனால் சின்ன மண்டபம். நூறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நாற்காலி கிடையாது, ஜமுக்காளம்தான். முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் ஓரமாகப் பத்து நாற்காலி. முன்வரிசை சோபா வேண்டாம் என்று சொன்னபோது மண்டப மேலாளருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

முதல் தடவை நடத்தியதை விவரமாகச் சொல்கிறேன். இதை நடத்திப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

காலை ஆறு மணிக்கு நீடாமங்கலம் பக்கத்தில் நண்பரின் வயலில் பன்னிரண்டு குத்து நெல்லை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து, வாளியில் வைத்து, ஈரச் சாக்கு போர்த்தி ஆட்டோவில் கொண்டுவந்தோம். பன்னிரண்டு வெள்ளை பிளாஸ்டிக் பேசின் வாங்கி வைத்திருந்தேன். வெள்ளையாக இருந்தால்தான் பூச்சி தெரியும். வாசலில் ஒரு கூடையில் துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நெல்லின் பெயர்: சீரகச் சம்பா, தூயமல்லி, பூங்கார், கருப்புக்கவுனி, குள்ளக்கார், மாப்பிள்ளைச் சம்பா என்று பன்னிரண்டு பெயர், ஒவ்வொரு பெயரிலும் எட்டுச் சீட்டு. சீட்டை எடுத்தவர் அந்த நெல்லின் வட்டத்தில் போய் உட்கார வேண்டும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் யார் எந்தத் தெருவோ அந்தத் தெருவாகத்தான் மண்டபத்திலும் உட்காருவார்கள். முன்னால் யார், பின்னால் யார் என்பது வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். வேறு இடத்தில் உட்காருங்கள் என்று நான் சொன்னால் யாருக்காவது சங்கடமாகும். சீட்டு சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

முதலில் ஒரு கேள்வி. கையில் ஆளுக்கு ஒரு சிவப்பு அட்டை, ஒரு பச்சை அட்டை.

“ஒரு வயல்ல குத்துக்குப் பதினெட்டுத் தூர், இருபத்தஞ்சு புகையான், ரெண்டு சிலந்தி. இன்னொரு வயல்ல குத்துக்குப் பதினாறு தூர், இருபது புகையான், சிலந்தி ஒண்ணுகூட இல்லை. எந்த வயலுக்கு இன்னிக்கே மருந்து வேணும்? முதல் வயல்னா சிவப்பு, ரெண்டாவதுன்னா பச்சை. யாரையும் கேக்காம நீங்களே முடிவு பண்ணுங்க.”

மண்டபம் முழுக்கச் சிவப்பு. அங்கங்கே ஏழெட்டுப் பச்சை. நான் சரி, தவறு எதுவும் சொல்லவில்லை. வேறு நிற அட்டை வைத்திருப்பவரைத் தேடிப்போய், ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள் என்றேன். எழுந்த சத்தத்தில் மின்விசிறி ஓடுவது கேட்கவில்லை. இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. ஹார்வர்டில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற எரிக் மசூர் 1991-இல் தன் வகுப்பில் தொடங்கியது இது. தான் பாடம் நடத்தினால் மாணவர்கள் சூத்திரம் போட்டுக் கணக்கைச் செய்துவிடுகிறார்கள், ஆனால் எளிய கேள்வி ஒன்றைச் சுற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள் என்று கண்டபின், தனியாக ஒரு பதில், பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி ஒரு பதில் என்று வகுப்பை மாற்றினார். தனியாகப் பதில் சொல்லும் அந்த முதல் நிமிடத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒரு பக்கம் அட்டையைத் தூக்கிவிட்டவருக்கு அப்புறம் விடை தெரியாமல் இருப்புக் கொள்ளாது.

அப்புறம் பேசின். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குத்து. அதை பேசினுக்கு மேல் சாய்த்துப் பிடித்து அடித்தூரைத் தட்டச் சொன்னேன். புகையான் பொலபொலவென்று விழுந்தது. சிலந்தி ஓடியது. எண்ணுங்கள், தூரையும் எண்ணுங்கள், சார்ட்டில் வரையுங்கள் என்றேன். அறுபது வயதுக்காரர்கள் ஸ்கெட்ச் பேனாவைப் பிடித்து நெற்பயிர் வரைந்தார்கள்.

பூங்கார் வட்டத்தில் ஓர் அம்மா இருந்தார். நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போகிறவர். எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: “களை எடுக்கையிலயே புடவையில வந்து ஒட்டும் தம்பி. அது ஒட்ட ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல வயலு காயும்.” நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “இதை வயல்காரர்கிட்ட சொல்லுவீங்களாக்கா?” என்று கேட்டேன். “கூலிக்கு வந்தவளுக்கு என்ன தெரியும்பாங்க, அதான் சொல்றதில்ல” என்றார். டெல்டாவில் பயிரை மிகக் கிட்டத்தில், குனிந்த நிலையில், மணிக்கணக்காகப் பார்க்கிறவர்கள் இந்தப் பெண்கள்தான். முப்பத்தொரு வருஷத்தில் என் கூட்டங்களுக்கு அவர்களை அழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. வந்த சிலரும் கடைசி வரிசையில் இருந்தார்கள். இப்போது அழைப்பில் நிலம் வைத்திருப்பவர் என்று போடுவதில்லை. வயலில் வேலை செய்கிறவர் என்றுதான் போடுகிறோம். அவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும், அதையும் கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம். பொன்னாடை வாங்குகிற காசு அதற்குச் சரியாக இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின்தான் நான் பேசினேன். பன்னிரண்டு நிமிடம். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை வேண்டும், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதனால் பூச்சி குறைவாக இருக்கிற இரண்டாவது வயலுக்குத்தான் அவசரம். முதல் வயலில் நீரை வடித்துவிட்டுக் காத்திருந்து பார்க்கலாம். தழைச்சத்து கூடினால் என்ன ஆகும், நடும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விட்டு நட்டால் என்ன பலன் என்பதையும் சொன்னேன். முன்பு ஐம்பது நிமிடத்தில் சொன்ன அதே விஷயங்கள்தான். ஆனால் இந்தத் தடவை எல்லோருக்கும் ஒரு பதில் தேவையாக இருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் யாரும் எழுந்து வெளியே போகவில்லை. மருந்தின் பெயரை நான் சொல்லவே இல்லை. யாராவது கேட்டால் மட்டும் அவர் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு யாரையும் பேச விடுவதில்லை. அந்த நேரத்துக்கு ஒரு கண்ணாடிப் புட்டி வைத்திருந்தோம். உள்ளே நாலு தூர், பத்துப் புகையான், இரண்டு சிலந்தி, வாயில் கொசுவலை கட்டியது. இதுவும் வயல்வெளிப் பள்ளியில் செய்வதுதான். சிலந்தி புகையானைப் பிடிக்கிற வரைக்கும் கூட்டம் அதைச் சுற்றியே நின்றது.

இப்படியெல்லாம் செய்தால் போதும், கற்றல் தானாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஒரு வட்டத்தில் குரல் பெரிதாக உள்ள ஒருவர், இரண்டு மருந்தைக் கலந்து அடித்தால் ஒரே அடியில் போய்விடும் என்று அடித்துச் சொன்னார். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் போன என் காதில் அது விழுந்தது. விழாமல் போயிருந்தால் என் கருத்தரங்கிலிருந்து தவறான செய்தி எட்டு வீட்டுக்குப் போயிருக்கும். அதிலிருந்து மூன்று வட்டத்துக்கு ஒரு விவரம் தெரிந்தவரை உட்கார வைக்கிறோம். அவர் வேலை கேட்பதும், கடைசியில் தவறைத் திருத்துவதும். ஆள் கிடைக்காவிட்டால் வட்டங்களைக் குறைத்துக்கொள்கிறோம். அதேபோல யாருக்கும் முன்பின் தெரியாத விஷயத்தைப் பேசச் சொல்லி வட்டத்தில் விடுவதில் பயன் இல்லை. இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்து தேவையா என்று பார்க்கிற இலை வண்ண அட்டையை முதல் தடவை அறிமுகப்படுத்தும்போது, எதற்கு, எப்போது, எந்த இலையில் வைத்துப் பார்ப்பது என்று ஒருவர் நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. அதற்குப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு அட்டை கைக்குப் போய்விட வேண்டும்.

இன்னொரு தடவை, வட்டத்தில் பேசுங்கள் என்றதும் பேச்சு முழுக்க நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. ஈரப்பதத்துக்கு 17 சதவீத வரம்பு, மூட்டை நனைந்தது, நாள் கணக்கில் காத்திருந்தது. எல்லாம் உண்மையான வேதனை. அவர்களை நிறுத்தி, இப்போது பயிர் நோயைப் பேசுவோம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது காலை முதல் அரை மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கிவிடுகிறோம். ஒருவர் எல்லாவற்றையும் எழுதி, மனுவாக்கி, அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுவார். மனதில் இருப்பதை இறக்கி வைத்தபின் மற்றதைக் கேட்க இடம் உண்டாகிறது.

பேச வருகிற அறிஞர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பது எனக்கு முதலில் பெரிய தயக்கமாக இருந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இலிருந்து நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நல்ல விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. அவ்வளவு தெரிந்தவரிடம் பதினைந்து நிமிடம்தான் பேச வேண்டும் என்று எப்படிச் சொல்வது? இப்போது நான் நேரத்தைப் பற்றி முதலில் பேசுவதில்லை. “ஐயா, படங்கள் வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு விவசாயி எந்த மூன்று கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்” என்று கேட்கிறேன். மூன்று கேள்வியை எழுத உட்கார்ந்தவர் தானாகவே நாற்பது படத்தை ஒதுக்கிவிடுகிறார். ஒருவர் இரண்டு நாள் கழித்து போன் செய்து, “மூணாவது கேள்வியை இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்மா” என்றார். அவ்வளவு அக்கறையாக யாரும் எனக்குப் பவர்பாயின்ட் அனுப்பியதில்லை.

வந்தவர்கள் எல்லோருக்கும் இது பிடித்தது என்றும் சொல்ல முடியாது. “நீங்க பேசவே இல்லையேம்மா, எங்களையே பேச வச்சிட்டீங்க. ஏதாச்சும் விஷயம் கிடைக்கும்னு வந்தேன்” என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஹார்வர்டில் செய்து 2019-இல் வெளிவந்த ஒரு ஆய்வைப் பின்னால் படித்தேன். ஒரே பாடத்தை நல்ல சொற்பொழிவாகக் கேட்ட மாணவர்கள், அதைத் தாங்களே போட்டு உருட்டிக் கற்ற மாணவர்கள் என்று இரண்டு பிரிவு. தேர்வில் கூடுதலாகத் தெரிந்திருந்தது இரண்டாவது பிரிவுக்கு. ஆனால் நிறையக் கற்றுக்கொண்டோம் என்று நினைத்தது முதல் பிரிவு. தடுமாறிக் கற்கும்போது நமக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் குறைவாகக் கற்றது போலத் தோன்றுகிறது. இதைப் படித்தபின், தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்: இன்றைக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கும், மாலையில் பாருங்கள் என்று. மாலையில் காலைக் கேள்வி போலவே வேறு எண்களோடு ஒரு கேள்வி கேட்டு அட்டையைத் தூக்கச் சொல்கிறோம். தங்கள் கை மாறியிருப்பதை அவர்களே பார்க்கட்டும் என்றுதான்.

கல்லூரி அளவிலும் இது புதிதல்ல. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் செய்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. வெறும் சொற்பொழிவு வகுப்பில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களும் ஈடுபடுகிற வகுப்பில் 21.8 சதவீதம். வேளாண் கூட்டத்துக்கும் கல்லூரி வகுப்புக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் வகுப்பில் தோற்றால் மறுபடி பரீட்சை எழுதலாம், இங்கே ஒரு பருவமே போய்விடும்.

என் தங்கை பாட்டுக் கற்றவள். திருவையாற்றுக்குத் தியாகராஜர் ஆராதனைக்குப் போகும்போது இவளும் கூட்டத்தில் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவாள். வித்வான்களும் இவளைப் போன்றவர்களும் ஒன்றாக உட்கார்ந்துதானே பாடுகிறார்கள். “எந்த இடத்துல சங்கதி தப்பாப் பாடிட்டிருந்தேன்னு பக்கத்துல ஒரு பெரிய குரல் பாடும்போதுதான் எனக்கே தெரியும்” என்பாள். நான் கருத்தரங்கில் தேடுவது அதைத்தான்.

ஒரு நாளோடு முடிந்துவிட்டால் எதுவும் நிற்காது என்பது இன்னொரு பாடம். இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-இலிருந்து நடத்திய நெல் திருவிழாவே போதும். பாரம்பரிய நெல் விதை இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போகிறவர், அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதை பெருகியது ஒரு பக்கம். எனக்குப் பெரிதாகப் படுவது, வாங்கியவர் மறுபடி வர வேண்டியிருந்தது, வரும்போது கையில் சொல்வதற்கு ஒரு கதையும் இருந்தது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். கஜா புயல் வந்து சரியாக ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அதையே நாங்கள் வேறு மாதிரி வைத்துக்கொண்டோம். மாலையில் ஒவ்வொருவரும் ஒரு சீட்டில், இந்தப் பருவத்தில் தன் வயலில் அல்லது வேலை செய்கிற வயலில் செய்து பார்க்கப்போகும் ஒரே ஒரு விஷயத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத முடியாதவருக்குக் கல்லூரிப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். மாசியில் அறுவடை முடிந்ததும் போன் செய்து, என்ன ஆயிற்று என்று கேட்போம். அடுத்த கருத்தரங்கில் காலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்கு, ஆளுக்கு ஐந்து நிமிடம். பலிக்காததைச் சொல்கிறவருக்கு முதலிடம். பட்டம் விட்டு நட்டவர் ஒருவர், நடவு ஆட்கள் இடத்தை வீணாக்குவதாகச் சொல்லி பட்டத்திலும் நட்டுவிட்டதைச் சொன்னார். நடுகிறவர்களைக் கூப்பிடாமல் வயல்காரரை மட்டும் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

கோட்டூர்ப் பெரியவர் அன்றைக்கு இரண்டு ஏக்கரில் பாதிக்கு மேல் இழந்தார். அவர் வீட்டுக்கு மறுபடி போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. போனேன். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். அந்த வருஷமே அவர் ஊர்க் களத்தில் பதினைந்து பேரை வைத்து, பேசினும் குத்துமாக முதன்முதலில் இதைச் செய்து பார்த்தேன். இப்போது மன்னார்குடிக்கு வந்தால் தூயமல்லி, சீரகச் சம்பா வட்டங்களுக்கு நடுவில் உட்காருகிறார். தூரைத் தட்டுகிற பக்குவம் என்னைவிட அவருக்குத்தான் நன்றாக வரும். அடியில் இரண்டு விரலால் பிடித்து, மேலே தட்டாமல் பக்கவாட்டில் தட்ட வேண்டும் என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த நோட்டின் கதையையும் அவரே சொல்லிவிடுகிறார். நான் இதை எழுதுகிறேன் என்றதும், “ஊர் பேரைப் போடுங்க, என் பேரு வேண்டாம்” என்றார்.

இந்த வருஷம் எலி. சம்பாவில் இளம் பயிரிலேயே வெட்ட ஆரம்பித்துவிட்டது என்று நாலு பக்கமும் சொல்கிறார்கள். மூங்கிலை வளைத்துக் கட்டுகிற எலிப்பொறியான தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதில் கைதேர்ந்தவர் ஒருவர் முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கிறார், எலி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வயலில் கிட்டி வைப்பவர். போய்ப் பார்த்தேன். கருத்தரங்கில் பேச வர முடியுமா என்று கேட்டதும் கையைப் பிசைந்துகொண்டு, மைக் பிடித்துப் பழக்கமில்லை என்றார். மைக் கிடையாது, வட்டத்தில் உட்கார்ந்து கிட்டி கட்டினால் போதும், மற்றவர்களும் கூடக் கட்டிப் பார்ப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எத்தனை பேர் என்று கேட்டார். நூறு என்றேன். அப்படியானால் மூங்கிலை முதல் நாளே பிளந்து வைக்க வேண்டும், காய்ந்தால் வளையாமல் ஒடியும், ஊற வைக்க ஒரு தொட்டி வேண்டும் என்றார். மண்டபத்துக்குப் பின்னால் தொட்டி இருக்கிறது. மூங்கிலுக்குத்தான் நாளைக்கு நீடாமங்கலம் போகிறேன்.